டெலிகேட் ஆர்ச்சை வைட் லென்ஸில் எடுக்க: எங்கே நிற்பது, எப்போது நகர்வது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரை ஒட்டிய ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் போய் மாலை வெயிலில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவை வைட் லென்ஸில் (அகலமான காட்சியை அடக்கும் லென்ஸ்) எடுத்துவந்த பலருடைய படங்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே குறைதான். நேரில் அண்ணாந்து பார்த்த பாறை படத்தில் விரல் நகத்தளவு நிற்கிறது, கீழே பாதிப் படம் வெறும் தரை, மேலே மீதிப் படம் வெறும் வானம். லென்ஸ் மேல் குறை இல்லை, நின்ற இடம்தான் சரியில்லை. 70 மிமீ, 100 மிமீ போன்ற நீளமான லென்ஸ்காரர்கள் நிற்கிற இடத்திலேயே 16 மிமீ லென்ஸோடு நின்றால் இப்படித்தான் வரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வளைவின் உயரம் சுமார் 16 மீட்டர். நீங்கள் அதிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் (36 x 24 மிமீ சென்சார் உள்ள) கேமராவில் 16 மிமீ லென்ஸ் போட்டால், படம் பதியும் அந்தச் சென்சாரில் அந்த வளைவு விழும் உயரம் இரண்டரை மிமீ, சென்சாரின் மொத்த உயரமோ 24 மிமீ. அதாவது படத்தில் பத்தில் ஒரு பங்கு. அதே லென்ஸோடு 25 மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் வளைவு பத்து மிமீக்கு வளர்ந்துவிடும், படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. வைட் லென்ஸ் வாங்குகிறவர்கள் "எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம்" என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆனால் அது பொருளுக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்கான லென்ஸ். இங்கே நான் சொல்லப்போகிற மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

பின்னால் தெரியும் லா சால் மலைகளைப் பற்றியும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் உயரமான பீல் சிகரம் 3,877 மீட்டர், வளைவிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 16 மிமீயில் அது சென்சாரில் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட வராது. பனி மூடிய மலை வளைவுக்குள் பெரிதாக எழுந்து நிற்கிற மாதிரி நாம் நாட்காட்டிகளில் பார்க்கிற படங்கள் எல்லாம் தள்ளி நின்று நீளமான லென்ஸில் எடுத்தவை. அந்தப் படம்தான் வேண்டுமென்றால் வைட் லென்ஸைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வைட் லென்ஸ் கொடுப்பது வேறு: காலடியில் தொடங்கி வளைவு வரைக்கும் ஓடுகிற பாறையின் வரிகள், வளைவுக்கு முன்னால் கிண்ணம் போல இறங்கும் பாறைப் பள்ளத்தின் ஆழம், தலைக்கு மேல் விரிகிற வானம். மலை அதில் பின்னால் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான்.

எந்த மாதம்

பாதை முடிகிற இடத்திலிருந்து வளைவையும் மலையையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் பார்ப்பது தென்கிழக்கை. அதனால் மாலையில் சூரியன் முதுகுப் பக்கமாகவோ வலது தோள் பக்கமாகவோ இருக்கும், எது என்பது மாதத்தைப் பொறுத்தது. ஜூனில் சூரியன் வடமேற்கில் மறைகிறது, வெயில் உங்கள் பின்னாலிருந்து நேராகப் போய் வளைவின் முகத்தில் அடிக்கும். பாறை முழுக்கச் சிவந்து எரியும், ஆனால் நிழல் குறைவு, அதனால் பாறை கொஞ்சம் தட்டையாகத் தெரியும். டிசம்பரில் தென்மேற்கில் மறைகிறது, வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு வரும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு குழியும் நிழலோடு எழுந்து நிற்கும். வைட் லென்ஸில் முன்தரைதான் பாதிப் படம் என்பதால் எனக்கு எப்போதும் குளிர்காலத்து வெளிச்சம்தான் பிடிக்கும். அக்டோபர் பிற்பகுதியும் மார்ச்சும் இரண்டுக்கும் நடுவில் வரும், குளிரும் தாங்கக்கூடியதாக இருக்கும், முதல் தடவை போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

கோடையில் இன்னொரு தொல்லை உண்டு, அது வைட் லென்ஸ்காரர்களுக்கு மட்டுமே வருவது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, லென்ஸோ கிட்டத்தட்ட 97 டிகிரி அகலத்தைப் பார்க்கிறது, ஆக உங்கள் நிழலும் டிரைபாடின் நிழலும் படத்துக்குள் வந்தே தீரும். சூரியன் அடிவானத்திலிருந்து மூன்று டிகிரி உயரத்தில் இருக்கும்போது சமதரையில் ஓர் ஆளின் நிழல் 30 மீட்டருக்கு மேல் நீளும். தப்பிக்க மூன்று வழி: குத்தவைத்து உட்கார்ந்து கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்குங்கள். ஏதாவது பாறையின் நிழல் விழும் இடமாகப் பார்த்து உங்கள் நிழலை அதற்குள் ஒளித்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிச் சில நிமிடங்கள் வரை பொறுத்திருங்கள், அப்போது பள்ளம் முழுவதும் நிழலுக்குள் போயிருக்கும், வளைவு மட்டும் வெயிலில் நிற்கும், உங்கள் நிழல் தனியாகத் தெரியாது.

நடையும் நேரமும்

பாதை வுல்ஃப் ராஞ்ச் என்ற இடத்தில் தொடங்குகிறது. 1898இல் அங்கே வந்து குடியேறிய ஜான் வெஸ்லி வுல்ஃப் என்ற முன்னாள் போர்வீரரின் மரக்குடில் அது, வழியிலேயே யூட் பழங்குடிகள் குதிரைகளைச் செதுக்கிய பாறை ஒன்றும் இருக்கிறது. போய்வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 146 மீட்டர். தூரம் பெரிதில்லை, ஆனால் நடுவில் நீளமான மொட்டைப் பாறை ஏற்றம் ஒன்று, ஒரு மரநிழல்கூடக் கிடையாது, கோடையில் 38 டிகிரியைத் தாண்டுகிற வெயில். பாதை தொடங்கும் இடத்தில் குடிநீர் கிடையாது என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைப் பார்வையாளர் மையத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கேமராப் பை கனமாக இருக்கிறது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், குறைக்க வேண்டுமானால் ஒரு லென்ஸைக் குறையுங்கள்.

பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே நேரம் பதிவு செய்யும் முறை 2022 முதல் சில ஆண்டுகள் இருந்தது. கிளம்புவதற்கு முன் அப்போதைய விதி என்ன என்று பூங்காவின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டி நிறுத்தும் இடம் மாலையில் சீக்கிரம் நிரம்பிவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் சூரியன் மறைவது இரவு எட்டே முக்கால் வாக்கில், டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கில். கைபேசி காட்டும் நேரத்தை அப்படியே நம்பி உட்காராதீர்கள். மேற்கே மேடுகள் இருப்பதால் வளைவின் மேல் விழும் வெயில் அந்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே போய்விடக்கூடும். மறையும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் நடக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

ஏன் அவ்வளவு முன்னால் என்றால், இங்கே ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. வைட் லென்ஸுக்கு நீங்கள் வளைவுக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். நீங்கள் பக்கத்தில் போனால் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற எல்லோருடைய படத்திலும் நீங்கள் வருவீர்கள். கடைசி வெளிச்சத்தில் அங்கே போய் டிரைபாட் விரித்தால் பின்னாலிருந்து சத்தம் போடுவார்கள், அவர்கள் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அவர்களும் வெகுதூரம் வந்து, வெயிலில் நடந்து ஏறி, அந்தப் பத்து நிமிடத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் மாலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முதல் பகுதி, சூரியன் மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது. அப்போது எல்லோரும் வளைவுக்கு அடியில் போய் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், நீங்கள் பக்கத்தில் போவது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த நேரத்தில் பள்ளத்தின் மேல் விளிம்பைச் சுற்றிப் போய், 20, 25 மீட்டர் தூரத்திலிருந்து எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். வளைவுக்கு அடியில் நிற்கிற ஆட்களையும் தவிர்க்க வேண்டாம். ஒன்பது ஆள் உயரம், பத்து ஆள் உயரம் என்று சொன்னால் மனதில் பதியாது, ஓர் ஆள் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் படத்தைப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

இரண்டாவது பகுதி, கடைசி அரை மணி நேரம். விளிம்புக்குத் திரும்பி வந்துவிடுங்கள், ஆனால் எல்லோரும் கூடியிருக்கும் இடத்துக்கு அல்ல. பள்ளத்தின் பாறை எங்கே நன்றாக வளைந்து வளைவை நோக்கி ஓடுகிறதோ அந்த இடத்தை, முதல் பகுதியிலேயே நடந்து பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். மூன்றாவது பகுதி சூரியன் மறைந்த பிறகு, அதற்குத் தனியாக வருகிறேன்.

முன்தரை

காற்று அடுக்கடுக்காகக் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி உண்டான பாறை இது, ஜுராசிக் காலத்து என்ட்ராடா மணற்கல். அந்த அடுக்குகள் இன்றும் பாறை மேல் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள்தான் உங்களுக்குக் கிடைத்த முன்தரை. அவை வளைவின் காலடியை நோக்கி ஓடுகிற கோணம் எங்கே கிடைக்கிறது என்று தேடுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது, உட்கார்ந்து கேமராவைக் கையில் பிடித்து லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பார்த்தபடியே அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். வைட் லென்ஸில் அரை அடி இடம் மாறினாலே முன்தரை முழுக்க மாறிவிடும், வளைவு அப்படியே இருக்கும். டிரைபாடை முதலில் நட்டுவிட்டுப் பிறகு படத்தைத் தேடுகிற பழக்கம் இருந்தால் இங்கே அதை விட்டுவிடுங்கள்.

கேமராவை எவ்வளவு கீழே கொண்டுபோவது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகவும் தரையோடு தரையாகப் போனால் முன்னால் இருக்கும் பாறை எழும்பி நடுத்தரையை மறைத்துவிடும், பள்ளத்தின் ஆழமே தெரியாது. டெலிகேட் ஆர்ச்சின் அழகில் பாதி அது ஒரு பெரும் பள்ளத்தின் ஓரத்தில் தனியாக நிற்பதுதான். அதனால் இடுப்பு உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும் நடுவில் எங்கே பள்ளம் முழுதாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பள்ளத்தின் சரிவில் இறங்குவதைப் பற்றி: பாறை காய்ந்திருந்தால் ஷூ நன்றாகப் பிடிக்கும், ஆனால் மேலே பொடிமணல் தூவியிருக்கும் இடத்தில் கால் சட்டென வழுக்கும். படத்துக்காகச் சரிவில் ஆழமாக இறங்காதீர்கள். வளைவின் பின்பக்கமும் செங்குத்தான இறக்கம்தான், வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. பையை வைத்தால் அது உருண்டு போகாத குழியாகப் பார்த்து வையுங்கள்.

அடுத்து, கேமராவின் மட்டம். வைட் லென்ஸை மேலே சாய்த்தால் வளைவின் இரண்டு கால்களும் மேலே போகப் போகக் குறுகி, பாறை மல்லாந்து விழுவது போலத் தெரியும். கீழே சாய்த்தால் கால்கள் மேலே விரிந்துகொண்டே போகும். டெலிகேட் ஆர்ச் ஏற்கெனவே ஒரு பக்கம் மெலிந்து கோணலாக நிற்கிற பாறை, அதன் உண்மையான வடிவம் கெட்டுப்போனால் பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் லெவலைப் போட்டு முன்பின் சாய்வு இல்லாமல் நேராக வையுங்கள். அடிவானம் படத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே என்று தோன்றும். பரவாயில்லை, கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பி எடுத்துவிட்டு, வேண்டாத வானத்தையோ தரையையோ பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதேபோல் வளைவைப் படத்தின் ஓரத்தில் வைக்காதீர்கள், ஓரத்தில் எல்லாமே அகலமாக இழுபடும். நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். ஓரத்தில் நிற்கிற ஆட்களுக்கும் இதே கதிதான், முகம் பரந்துபோய்விடும்.

ஃபோகஸ், வெளிச்சம், நிறம்

16 மிமீ லென்ஸ், ஒளித்துளை (அபர்ச்சர்) எஃப் 11. ஹைப்பர்ஃபோகல் கணக்கு சுமார் 80 சென்டிமீட்டர் என்று சொல்லும், அதாவது அங்கே ஃபோகஸ் வைத்தால் 40 சென்டிமீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்க வேண்டும். அது பழைய காலத்து அளவுகோல். இன்றைய 40, 60 மெகாபிக்சல் சென்சார்களுக்குப் போதாது, வளைவு லேசாக மங்கும். ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வையுங்கள், படம் எடுத்ததும் வளைவைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிறகு மேனுவலுக்கு மாற்றிவிட்டுத் தொடாமல் விட்டுவிடுங்கள். 24 மிமீ என்றால் இந்தத் தூரத்தை மூன்று, மூன்றரை மீட்டராக வைத்துக்கொள்ளலாம். எஃப் 22 வரை போகவே போகாதீர்கள், தெளிவாகத் தெரியும் ஆழம் கூடினாலும், சிறு துளையில் ஒளி விரிந்து சிதறும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுக்கக் கூர்மை இழக்கும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 என்றால் மஞ்சள் வெயிலில் ஷட்டர் 1/30 நொடி பக்கத்தில் வரும், சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் அரை நொடிக்கு இறங்கும். அதனால் டிரைபாட் அவசியம். விளிம்பில் மாலைக் காற்று திடீர் திடீரென வேகமாக அடிக்கும், நடுக்கம்பியை உயர்த்தாமல் கால்களை அகல விரித்து, தாழ்வாக வையுங்கள். கம்பியில் பையைத் தொங்கவிட்டால் காற்றில் அது ஆடி டிரைபாடையும் சேர்த்து ஆட்டும், பை தரையில் லேசாகப் படும்படி கட்டுங்கள்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவில், கவனிக்க வேண்டியது சிவப்பு. இந்தப் பாறையின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. கடைசி வெயில் அதன் மேல் விழும்போது சென்சாரில் சிவப்புச் சேனல் மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பி வழிந்துவிடும். சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) அது தெரியாது, எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்டும், வீட்டுக்கு வந்து திறந்தால் வளைவின் முகத்தில் வரிகளே இல்லாமல் ஒரே ஆரஞ்சுப் பூச்சாக இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாதபடி எக்ஸ்போஷரைக் குறையுங்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

பள்ளம் நிழலுக்குள் போய் வளைவு மட்டும் வெயிலில் நிற்கும் அந்த நிமிடங்களில் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். கிராஜுவேட்டட் ஃபில்டரை (மேல்பாதி மட்டும் இருண்ட கண்ணாடி) போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வளைவு அடிவானத்துக்கு மேலே எழும்பி நிற்கிறது, ஃபில்டரின் கோடு அதன் குறுக்கே விழுந்து மேல்பாதியை இருட்டாக்கிவிடும். அதைவிட, இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்ச இடைவெளியில் ஒரே காட்சியை மூன்று படங்களாகப் பிராக்கெட் எடுத்துக்கொண்டு பிறகு சேர்ப்பது நல்லது. வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரும் இங்கே உதவாது. கோடையில் சூரியன் பின்னால் இருப்பதால் நடுவானத்தில் அதன் விளைவு மிகக் குறைவு. குளிர்காலத்திலோ அது வேலை செய்யும் திசை சரியாக உங்கள் படத்துக்குள் விழும், வானத்தில் ஓரிடம் மட்டும் கருநீலப் பட்டையாகி இரண்டு பக்கமும் வெளிறிக் கிடக்கும். வைட் லென்ஸ் அவ்வளவு அகலமான வானத்தைப் பார்ப்பதால் வரும் கோளாறு இது, பிறகு திருத்துவதும் பெரும்பாடு.

ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, ஆட்டோவில் விடாதீர்கள். கேமரா அந்த மஞ்சளைக் குறை என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். பகல் வெளிச்சம், அதாவது 5200, 5500 கெல்வின் பக்கத்தில் நிறுத்திவிட்டால் திரையில் பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதும் நெருக்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்து லைட்ரூமிலோ வேறெதிலோ திறக்கும்போதும் சிவப்பை மேலும் ஏற்ற வேண்டாம், அந்தப் பாறைக்கு அது தேவையே இல்லை. லென்ஸ் கரெக்‌ஷனை இயக்கி, நிழலைக் கொஞ்சம் திறந்து, அத்தோடு கையை எடுத்துவிடுவதுதான் நல்லது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். முன்கண்ணாடியில் தூசு விழுந்தால் துணியால் துடைக்கவே கூடாது, முதலில் ப்ளோயரால் ஊதுங்கள். அது குவார்ட்ஸ் மணல், துணிக்கு அடியில் மாட்டினால் கோட்டிங்கில் கீறல் விழும்.

சூரியன் மறைந்த பிறகு

வெயில் வளைவை விட்டு இறங்கியதும் கூட்டத்தில் பெரும்பகுதி எழுந்து கிளம்பிவிடும். இருட்டுக்கு முன் கீழே போக வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. நீங்கள் எழுந்திருக்காதீர்கள். நான் சொன்ன மூன்றாவது பகுதி இதுதான், வைட் லென்ஸ்காரர்களுக்கு அன்றைய நாளின் சிறந்த நேரமும் இதுதான். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது சூரியனுக்கு எதிர்த்திசையை. மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு, தென்கிழக்கு அடிவானத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும், அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கோடையில் இவை சரியாக வளைவுக்கும் லா சால் மலைகளுக்கும் பின்னால் வரும், குளிர்காலத்தில் நன்றாகவே இடப்பக்கமாக, வடகிழக்குக்குத் தள்ளிப்போகும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருப்பதால் பள்ளத்தின் வரிகள், வளைவு, வானம் எல்லாம் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும், பிராக்கெட்கூடத் தேவைப்படாது. கூட்டமும் குறைந்திருக்கும், மிச்சம் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வளைவுக்குப் பக்கத்தில் போகலாம். வானம் தெளிவாக இருந்தால் பதினைந்து இருபது நிமிடம் இது நீடிக்கும்.

பௌர்ணமியை ஒட்டிப் போகிறவர்களுக்கு: கோடையில் முழுநிலவு தென்கிழக்கில் எழும், அதாவது உங்கள் படத்துக்குள்ளேயே வரும். ஆனால் 16 மிமீயில் நிலவு படத்தின் அகலத்தில் 250இல் ஒரு பங்குதான், ஒரு வெள்ளைப் புள்ளி. அதை நம்பி வைட் லென்ஸில் திட்டம் போட வேண்டாம்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு

இப்போதைய கைபேசிகளில் 0.5 என்று காட்டும் லென்ஸ் சுமார் 13 மிமீக்குச் சமம், 16ஐ விடவும் அகலம். அதனால் மேலே சொன்ன தூரக் கணக்கு இன்னும் கறாராகப் பொருந்தும், இன்னும் பக்கத்தில் போக வேண்டும். தாழ்வான கோணம் வேண்டுமென்றால் கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். வளைவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். சூரியன் மறைந்த பிறகு அந்தச் சின்ன லென்ஸில் எடுத்த படத்தில் இரைச்சல் (புள்ளிப்புள்ளியான மாசு) ஏறிவிடும், பிரதான லென்ஸுக்கு மாறி இரண்டடி பின்னால் போவது மேல். வளைவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, வண்டியில் போய்ப் பார்க்கிற பார்வை முனைகள் தனியாக இருக்கின்றன, அங்கிருந்து கைபேசியின் வைட் லென்ஸில் எடுத்தால் வளைவு இருக்கிற இடத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.

செய்யக்கூடாதவை

ட்ரோன் பறக்கவிடக் கூடாது, அமெரிக்காவின் எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் 2014 முதலே தடை. பாறை மேல் விளக்கு அடித்து ஒளியூட்டிப் படம் எடுப்பதையும் இந்தப் பூங்கா அனுமதிப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு புகைப்படக்காரர் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வளைவுக்குக் கீழே நெருப்பு மூட்டினார், பாறையில் கருகலும் எண்ணெய்க் கறையும் ஏறிவிட்டன. ஒரு படத்துக்காக அப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. 2006இல் ஒருவர் வளைவின் மேலேயே ஏறினார், அதன் பிறகு விதிகள் இறுகின. 1950களில் இந்த வளைவு தேய்ந்துவிடாமல் இருக்க அதன் மேல் தெளிவான பிளாஸ்டிக் பூச்சு பூசலாமா என்றுகூட யோசித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். 2008இல் இதே பூங்காவில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு ஓர் இரவில் தானாக இடிந்து விழுந்தது. இவை நிரந்தரமாக நிற்கிற பாறைகள் அல்ல, நம் பங்குக்கு அவற்றின் ஆயுளைக் குறைக்க வேண்டாம்.

பாறையை விட்டுத் தரையில் நடக்க நேர்ந்தால் கருப்பாகப் பொருக்கு தட்டிய மண்ணைப் பார்த்து ஒதுங்குங்கள். அது அழுக்கு மண் அல்ல, நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் உயிருள்ள போர்வை. ஒரு காலடி பட்டால் மீள எத்தனையோ ஆண்டுகள் ஆகும். பாறை மேலும் காய்ந்த ஓடை மணலிலும் மட்டும் நடங்கள்.

இறங்கும்போது நிச்சயம் இருட்டிவிடும், தலையில் கட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், கைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம். மொட்டைப் பாறையில் பாதை என்று எதுவும் தெரியாது, வழிகாட்டக் கற்களைச் சிறு குவியலாக அடுக்கி வைத்திருப்பார்கள், ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணில் பட்ட பிறகு நகருங்கள். ஏறும்போதே நடுநடுவில் நின்று திரும்பிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டால் இறங்கும்போது சுலபம். வளைவுக்குச் சற்று முன்னால் வரும் சுமார் 180 மீட்டர் நீளப் பாறை விளிம்புப் பாதையில் குளிர்காலத்தில் பனி உறைந்திருக்கும், ஷூவுக்கு மாட்டும் முள் சங்கிலி இல்லாமல் அந்த மாதங்களில் போகாதீர்கள்.

இவ்வளவு நடக்க முடியாதவர்கள், சின்னக் குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் வருகிறவர்கள், பேலன்ஸ்டு ராக்கைப் பாருங்கள். சாலை ஓரத்திலேயே 39 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, சுற்றி வரும் பாதை அரைக் கிலோமீட்டர்தான், மாலை வெயில் நன்றாக விழும், பக்கத்தில் போய் நிற்பதற்கும் தடையில்லை. வைட் லென்ஸுக்கே பிறந்தது போல இன்னொன்று டபுள் ஆர்ச். 34 மீட்டர் உயரம், 44 மீட்டர் அகலம், வண்டி நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடை. அடியில் போய் நின்று அண்ணாந்து எடுக்கலாம், இங்கே கேமராவை நேராக வைக்க வேண்டும் என்ற விதியையும் மறந்துவிடலாம், மேலே சாய்த்தால்தான் இரண்டு வளைவுகளும் குறுக்கே போவது தெரியும். அங்கே 14, 16 மிமீகூடப் போதவில்லை என்று தோன்றினால் ஆச்சரியமில்லை, அப்போது கேமராவை நெடுக்குவாட்டில் வைத்து இடமிருந்து வலமாக ஐந்தாறு படங்கள் எடுத்துப் பிறகு ஒரே படமாகத் தைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்தும்படி.